ஒரு கம்ப்யூட்டர், மூணு மானிட்டர்: அடாப்டர் வாங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

ஆதாரில் திருத்தம் செய்யப் போனவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். மேசையில் ரேகை வைக்கும் கருவி, கருவிழியைப் பதிவு செய்யும் கருவி, கேமரா எல்லாம் இருக்கும். ஆபரேட்டருக்கு ஒரு திரை. அது போக, நம்மைப் பார்த்தபடி இன்னொரு மானிட்டர் இருக்கும்.

அது அலங்காரத்துக்கு வைத்தது கிடையாது. ஆபரேட்டர் என்ன தட்டச்சு செய்கிறார் என்பதை எதிரில் உட்கார்ந்திருப்பவர் அங்கேயே பார்த்து, சரியா தப்பா என்று சொல்ல வேண்டும் என்பதற்காக ஆதார் ஆணையமே பதிவு மையங்களுக்குச் சொல்லியிருக்கும் ஏற்பாடு அது.

ஏன் அவ்வளவு முக்கியம்? ஆதாரில் பிறந்த தேதியை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வழக்கமான வழியில் மாற்ற முடியும். பெயரை இரண்டு முறை. அதற்கு மேல் போனால் தனி அனுமதி, மண்டல அலுவலகம் என்று அலைய வேண்டியதுதான். அதோடு, ஆங்கிலத்தில் அடித்ததை மென்பொருள் தானாகத் தமிழுக்கு மாற்றும்போது 'வள்ளி' 'வல்லி' ஆகிவிடும். 'பாஞ்சாலங்குறிச்சி' என்ற ஊர்ப் பெயரில் ஒற்று போகும், 'றி' 'ரி' ஆகும். ஆபரேட்டர் நூறு பேருக்கு நடுவில் அதைக் கவனிக்காமல் விடலாம். சொந்தப் பெயர் தப்பா வந்தால் நம் கண்ணுக்கு உடனே பட்டுவிடும். அதற்குத்தான் அந்த இரண்டாவது திரை.

இப்போது இதே ஏற்பாட்டை ஒட்டப்பிடாரம் பக்கம், பாஞ்சாலங்குறிச்சி பக்கம் சின்னதாக ஒரு ஆன்லைன் சேவைக் கடை வைத்திருப்பவரும் செய்ய நினைக்கிறார். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா விண்ணப்பம் என்று நாள் முழுக்க மற்றவர்களின் பெயரைத் தட்டச்சு செய்வதுதான் அவர் வேலை. வாடிக்கையாளர் பக்கம் ஒரு மானிட்டரைத் திருப்பி வைத்தால் பாதித் தப்பு அங்கேயே தீரும். பழைய மானிட்டர் ஒன்று பரணில் கிடக்கிறது. ஆனால் சிபியுவின் பின்னால் பார்த்தால் வயர் சொருக இடம் இல்லை. அல்லது இடம் இருக்கிறது, வயரின் முனை பொருந்தவில்லை.

இங்கேதான் அடாப்டர் வருகிறது. காசு வீணாவதும் இங்கேதான்.

*முதல் கேள்வி: ஒரே படமா, வேற வேற படமா?*

கடைக்குப் போகும் முன் இதை முடிவு செய்துவிடுங்கள். பலரும் இதைக் கேட்டுக்கொள்ளாமலே பொருளை வாங்கிவிடுகிறார்கள்.

நம் சேவைக் கடைக்காரருக்குத் தேவை, தன் திரையில் தெரிவது அப்படியே எதிரிலும் தெரிய வேண்டும். அவ்ளோதான். விண்டோஸில் இதற்கு 'டூப்ளிகேட்' என்று பெயர்.

இன்னொரு ஆளைப் பார்ப்போம். தூத்துக்குடியில் சுங்கத் தரகர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி என்று வைத்துக்கொள்வோம். வ.உ.சி. துறைமுகத்துக்கு முந்திரிக் கொட்டை வருகிறது, நிலக்கரி வருகிறது. இங்கிருந்து காற்றாலை இறக்கைகள் போகின்றன, கடல் உணவு போகிறது. ஒவ்வொரு சரக்குக்கும் சுங்கத் துறையின் ஐஸ்கேட் இணையதளம் வழியாக ஆவணம் தாக்கல் செய்ய வேண்டும். இறக்குமதி என்றால் 'பில் ஆஃப் என்ட்ரி', ஏற்றுமதி என்றால் 'ஷிப்பிங் பில்'. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் இப்போது காகிதமாக இல்லை, பிடிஎஃப் கோப்பாகத்தான் வருகிறது. ஒரு பக்கம் இன்வாய்ஸைப் பார்த்துக்கொண்டே மறுபக்கம் எண்களை நிரப்ப வேண்டும்.

ஒரே மானிட்டரில் இதைச் செய்தால் என்ன ஆகும்? இன்வாய்ஸைத் திறந்து பார்த்து, எண்ணை மனசில் வைத்து, ஜன்னலை மாற்றி, அடிக்க வேண்டும். சரக்கின் வகையைச் சொல்லும் 8 இலக்க வரி எண்ணில் ஒரு இலக்கம் இடம் மாறினால் வரி விகிதமே மாறிவிடலாம். திருத்தம் கேட்டு, அது முடியும் வரை கன்டெய்னர் கிடங்கில் நிற்கும், வாடகை ஏறும். இறக்குமதி ஆவணத்தைக் குறித்த நாளுக்குள் தாக்கல் செய்யாவிட்டால் முதல் 3 நாட்களுக்குத் தினம் 5,000 ரூபாய், அதன் பிறகு தினம் 10,000 ரூபாய் தாமதக் கட்டணம் என்று 2017-ல் விதி வந்தது. இரண்டாவது மானிட்டரின் விலை இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இந்தத் தம்பிக்கு வேண்டியது 'எக்ஸ்டெண்ட்'. அதாவது ஒவ்வொரு திரையிலும் வேறு வேறு காட்சி.

இரண்டு பேருமே கடையில் போய் "ரெண்டு மானிட்டர் கனெக்ட் பண்ணணும், ஏதாவது கொடுங்க" என்றால், பெரும்பாலும் கையில் வருவது எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர். ஒரு வயர் உள்ளே, இரண்டு வயர் வெளியே. சேவைக் கடைக்காரருக்கு அது கச்சிதமாக வேலை செய்யும். துறைமுகத் தம்பிக்கு அது சுத்தமாக உதவாது. ஏனென்றால் ஸ்ப்ளிட்டர் என்பது ஒரே படத்தை நகல் எடுத்து இரண்டு பக்கம் அனுப்பும் பெட்டி. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அங்கே ஒரே ஒரு மானிட்டர்தான் இருக்கிறது. எந்த செட்டிங்கை மாற்றினாலும் 'எக்ஸ்டெண்ட்' வராது.

*அப்போ கார்டில் எத்தனை ஓட்டை இருக்கோ அத்தனை மானிட்டரா?*

இல்லை! இதுதான் பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம்.

கிராபிக்ஸ் கார்டுக்குள் படத்தை உருவாக்கி வெளியே தள்ளும் பகுதிகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் இருக்கும். பின்னால் எத்தனை போர்ட் இருந்தாலும், ஒரே நேரத்தில் ஓடுவது அந்த எண்ணிக்கைக்குள்தான். உதாரணத்துக்கு 2016-ல் வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1080 கார்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் பின்னால் 3 டிஸ்ப்ளே போர்ட், 1 எச்டிஎம்ஐ, 1 டிவிஐ என மொத்தம் 5 இடம். ஆனால் ஒரே நேரத்தில் 4 மானிட்டர்தான். ஐந்தாவதைச் சொருகினால் அது இருட்டாகவே நிற்கும். கார்டு கெட்டுப்போச்சோ என்று பயந்து கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

பட்ஜெட் கார்டான ஜிடி 1030-ல் பொதுவாக 2 போர்ட், 2 மானிட்டர். அடாப்டர் எத்தனை வாங்கிச் சொருகினாலும் அது மூன்றாக மாறாது. பழைய காலத்து என்விடியா கார்டுகளில் பெரும்பாலானவை 2 மானிட்டரோடு நின்றுவிடும். 2012-ல் வந்த ஜிடிஎக்ஸ் 600 வரிசையில்தான் ஒரே கார்டில் 4 மானிட்டர் என்று மாறியது. ஏஎம்டி நிறுவனம் 2009-லேயே 'ஐஃபினிட்டி' என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. அதில் ஒரு கார்டு 6 மானிட்டர் வரை ஓட்டும்.

தனிக் கார்டே இல்லாமல் பிராசஸரிலேயே கிராபிக்ஸ் இருந்தாலும் இதே கதைதான். இன்டெலில் 2012-ல் வந்த 3-ஆம் தலைமுறை முதல் 3 மானிட்டர் வரை சாத்தியம். அதற்கு முன் 2.

எனவே வாங்கும் முன், கார்டின் மாடல் பெயரைப் போட்டு, தயாரிப்பாளரின் பக்கத்தில் 'மேக்சிமம் டிஸ்ப்ளே' எவ்வளவு என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். போர்ட்டை எண்ணாதீர்கள்.

*அடாப்டர்னா எல்லாம் ஒண்ணுதானே?*

வெளியில் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே இரண்டு ஜாதி.

ஒன்று 'பாஸிவ்'. இது வெறும் சொருகி மாற்றி. வெளிநாட்டு சார்ஜரை நம்மூர் பிளக்கில் சொருக ஒரு முனை வாங்குவோமே, அந்த மாதிரி. கரண்ட் மாறாது, முனைதான் மாறும்.

இன்னொன்று 'ஆக்டிவ்'. இதற்குள் ஒரு சிப் இருக்கும். ஒரு பாஷையில் வருவதைக் கேட்டு இன்னொரு பாஷையில் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் அது.

விஜிஏ என்பது அனலாக் சிக்னல். நீல நிறத்தில் 15 பின்னோடு, இரண்டு பக்கமும் திருகு வைத்த அந்தப் பழைய வயர். எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் இரண்டும் டிஜிட்டல். டிஜிட்டலை அனலாக்காக மாற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் முடியாது. ஆகவே எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ, டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து விஜிஏ இரண்டுமே ஆக்டிவ் அடாப்டராகத்தான் இருந்தாக வேண்டும். சிப் இல்லாமல், வெறும் வயராக இரண்டு முனையிலும் எச்டிஎம்ஐ - விஜிஏ என்று மலிவாக விற்கும் கேபிளை வாங்கினால், அநேகமாக அது வேலை செய்யாது.

டிவிஐ-யில் ஒரு குழப்பம் இருக்கிறது. பழைய கார்டுகளில் வந்த டிவிஐ-ஐ என்ற வகையில், டிஜிட்டலோடு அனலாக் சிக்னலும் சேர்ந்தே வெளியே வரும். அதனால் சின்ன முனை ஒன்றைப் போட்டால் போதும், விஜிஏ மானிட்டர் ஓடும். ஆனால் டிவிஐ-டி என்ற வகையில் அனலாக் கிடையாது. தட்டையான பெரிய பின்னைச் சுற்றி 4 சின்ன ஓட்டைகள் இருந்தால் டிவிஐ-ஐ. தட்டைப் பின் மட்டும் இருந்தால் டிவிஐ-டி. ஏஎம்டி 2013-ல் ஆர்9 290 வரிசையிலும், என்விடியா 2016-ல் ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலும் அனலாக்கைக் கைவிட்டன. விஜிஏ-வை மெல்ல நிறுத்தப்போவதாக இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவா போன்ற நிறுவனங்கள் 2010 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டன. நம்ம ஊரில் மட்டும் அந்த நீல வயர் இன்னும் ஜாம் ஜாமென்று ஓடிக்கொண்டிருக்கிறது.

*அடாப்டருக்கும் ஒன்வே உண்டு*

கடையில் 'டிஸ்ப்ளே போர்ட் டு எச்டிஎம்ஐ' என்று போட்டிருந்தால், கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்ப்ளே போர்ட், மானிட்டர் பக்கம் எச்டிஎம்ஐ என்று அர்த்தம். அதைத் திருப்பிப் போட்டு, கம்ப்யூட்டரின் எச்டிஎம்ஐ-யிலிருந்து டிஸ்ப்ளே போர்ட் மானிட்டருக்குக் கொடுத்தால் ஓடாது. முனை பொருந்துகிறதே என்று நினைக்கலாம். பொருந்தும், படம் வராது. அந்தத் திசைக்குத் தனி அடாப்டர் வேண்டும். அது விலை கூட. பல மாடல்களுக்கு யுஎஸ்பி வழியாக பவரும் கொடுக்க வேண்டியிருக்கும்.

*மூணாவது மானிட்டர் மட்டும் ஏன் வரமாட்டேங்குது?*

இது கொஞ்சம் நுணுக்கமான விஷயம். ஆனால் பழைய கார்டு வைத்திருப்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான்.

ஒரு அலுவலகத்தில் பழைய ஏஎம்டி ரேடியான் எச்டி 5000 அல்லது 6000 வரிசைக் கார்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் டிவிஐ, எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் மூன்றும் உண்டு. டிவிஐ-யில் ஒரு மானிட்டர், எச்டிஎம்ஐ-யில் ஒரு மானிட்டர் ஓடுகிறது. மூன்றாவதாக டிஸ்ப்ளே போர்ட்டில் மலிவான எச்டிஎம்ஐ அடாப்டர் போட்டால், மூன்றாவது வராது. அல்லது அது வந்து, ஏற்கெனவே ஓடிய ஒன்று அணைந்துவிடும்.

காரணம் இதுதான். விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ மூன்றுக்கும் கார்டுக்குள் தாளம் போட ஆள் வேண்டும். கடிகாரத் துடிப்பு என்பார்கள். அந்தக் கார்டுகளில் தாளம் போடுபவர்கள் இரண்டே பேர். டிஸ்ப்ளே போர்ட் முறையில் மட்டும் எல்லா மானிட்டருக்கும் ஒரே பொதுத் தாளம் போதும். அதனால் எத்தனை சேர்த்தாலும் கூடுதல் ஆள் தேவையில்லை.

மலிவான பாஸிவ் அடாப்டர் என்ன செய்கிறது? "இந்தப் பக்கம் இருப்பது எச்டிஎம்ஐ மானிட்டர், நீயே எச்டிஎம்ஐ சிக்னலைக் கொடு" என்று கார்டிடம் சொல்கிறது. கார்டு மூன்றாவது தாளக்காரரைத் தேடுகிறது. ஆள் இல்லை. ஆக்டிவ் அடாப்டர் போட்டால், கார்டைப் பொறுத்தவரை அங்கே இருப்பது டிஸ்ப்ளே போர்ட் மானிட்டர். எச்டிஎம்ஐ-யாக மாற்றும் வேலையை, தாளத்தோடு சேர்த்து, அடாப்டருக்குள் இருக்கும் சிப்பே பார்த்துக்கொள்ளும். மூன்றாவது திரை உயிர் பெறும்.

புதிய கார்டுகளில் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. பாஸிவ் அடாப்டர் போதும். ஆனால் போர்ட்டின் பக்கத்தில் 'டிபி' என்ற குறியோடு இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால்தான் அந்த போர்ட் எச்டிஎம்ஐ சிக்னலையும் நேரடியாகக் கொடுக்கும் என்று அர்த்தம். பாஸிவ் அடாப்டரிலும் பழைய வகை 1080பி தரத்துக்கு மேல் கொஞ்சம்தான் தாங்கும். 4கே மானிட்டருக்கு அது பத்தாது.

*ஒரே போர்ட்டில் இருந்து ரெண்டு மூணு மானிட்டர் எடுக்கலாமா?*

எடுக்கலாம். அதற்கு ஸ்ப்ளிட்டர் இல்லை, எம்எஸ்டி ஹப் வேண்டும். டிஸ்ப்ளே போர்ட் 1.2 பதிப்பில் வந்த வசதி இது. ஒரே வயரில் பல தனித்தனிப் படங்களை அனுப்பி, ஹப் அவற்றைப் பிரித்துக் கொடுக்கும். எச்டிஎம்ஐ-யில் இந்த வசதி கிடையாது. துறைமுகத் தம்பிக்கு 1080பி மானிட்டர் மூன்று வேண்டும், டிஸ்ப்ளே போர்ட் ஒன்றுதான் இருக்கிறது என்றால் இது நல்ல வழி.

ஆனால் ஒன்று. ஹப் போட்டாலும் கார்டின் மொத்த மானிட்டர் எண்ணிக்கை ஏறாது. 4 என்றால் 4தான். ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: மேக்கில் எம்எஸ்டி ஹப் போட்டால் இரண்டு திரையிலும் ஒரே படம்தான் வரும்.

கார்டே கைவிட்டுவிட்டால்? யுஎஸ்பி போர்ட்டிலிருந்து படம் எடுக்கும் அடாப்டர்கள் இருக்கின்றன. 'டிஸ்ப்ளேலிங்க்' சிப் வைத்தவை பிரபலம். இவை படத்தைச் சுருக்கி யுஎஸ்பி வழியாக அனுப்புகின்றன. அதற்கான மென்பொருளை நிறுவ வேண்டும். எக்செல், பிடிஎஃப், பிரவுசர் வேலைக்குத் தாராளமாகப் போதும். கேம், வீடியோ எடிட்டிங் என்றால் திணறும்.

லேப்டாப்பில் டைப்-சி போர்ட் இருக்கிறதே என்று உடனே டைப்-சி டு எச்டிஎம்ஐ வாங்கிவிடாதீர்கள். எல்லா டைப்-சி போர்ட்டும் படம் அனுப்பாது. சிலவற்றில் சார்ஜும் ஃபைலும் மட்டும்தான். போர்ட் அருகே டிஸ்ப்ளே போர்ட் குறியோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மாடல் விவரத்தில் தேடுங்கள்.

*பழைய ஆபீஸ் சிபியு வாங்குறீங்களா?*

சின்ன ஊர்க் கடைகளில் இப்போது அதிகம் புழங்குவது, பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட ரீஃபர்பிஷ்டு கம்ப்யூட்டர்கள். இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. உதாரணத்துக்கு டெல் ஆப்டிபிளக்ஸ் 9020 மாடலின் பின்னால் 2 டிஸ்ப்ளே போர்ட், 1 விஜிஏ இருக்கும். எச்டிஎம்ஐ இல்லையே என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் தனி கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் அதில் 3 மானிட்டர் ஓட்டலாம். ஒரு பழைய விஜிஏ மானிட்டர் நேரடியாக; மற்ற இரண்டுக்கும் டிஸ்ப்ளே போர்ட் டு எச்டிஎம்ஐ அடாப்டர். வேலை முடிந்தது. கார்டு வாங்கியே தீருவேன் என்றால், ஒல்லியான சிபியுவில் 'லோ புரொஃபைல்' எனப்படும் குட்டைக் கார்டுதான் உள்ளே போகும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இன்னொரு வழக்கமான குழப்பம்: புதுக் கார்டு போட்டதும், மதர்போர்டில் இருந்த பழைய போர்ட்கள் செத்துப்போகும். ரிப்பேர் ஒன்றும் இல்லை. பல கம்ப்யூட்டர்கள் தனிக் கார்டைப் பார்த்ததும் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். பயாஸ் செட்டிங்கில் 'மல்டி மானிட்டர்' என்று தேடி ஆன் செய்தால் பல மதர்போர்டுகளில் இரண்டும் சேர்ந்து ஓடும். ஆனால் இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் (உதாரணம்: ஐ5-12400எஃப்) அதில் உள் கிராபிக்ஸே கிடையாது. எவ்வளவு தேடினாலும் வராது.

*எல்லாம் சொருகியாச்சு, படம் விட்டு விட்டு வருதே?*

தூத்துக்குடிக் கரையில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. உப்புக் காற்று. உப்பளம் பக்கத்தில் இருக்கும் அலுவலகங்களில் சைக்கிள் செயின் துருப்பிடிப்பது போலவே, வயர் முனையில் இருக்கும் உலோகமும் மெல்லக் கெடும். திரை மினுக்குவது, நிறம் பச்சையாகவோ ரோஸாகவோ மாறுவது, வயரை அசைத்தால் சரியாவது எல்லாம் இதன் அடையாளமாக இருக்கலாம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முனையைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் சொருகிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வயரை மாற்றுங்கள். அடாப்டரும் வயரும் தனித்தனியாக இருந்தால் இணைப்பு இடங்கள் கூடும். ஒரு முனையில் டிஸ்ப்ளே போர்ட், மறுமுனையில் எச்டிஎம்ஐ என்று ஒரே கேபிளாக வருவதை வாங்குவது மேல். சிபியுவின் பின்னால் கனமான அடாப்டர் தொங்கினால் போர்ட்டும் தளர்ந்துபோகும்.

படம் வந்தாச்சு என்றால், விண்டோஸ் கீயையும் 'பி' கீயையும் சேர்த்து அழுத்துங்கள். வலது பக்கம் பட்டியல் வரும். வாடிக்கையாளருக்குக் காட்ட டூப்ளிகேட், தனித் தனி வேலைக்கு எக்ஸ்டெண்ட். இரண்டு மானிட்டரின் அளவும் வேறு வேறு என்றால் டூப்ளிகேட்டில் எழுத்து மங்கலாகத் தெரியலாம். சின்ன மானிட்டருக்கு ஏற்ப ரெசல்யூஷன் இறங்குவதால் அப்படி. எக்ஸ்டெண்ட் போட்டபின் மவுஸ் தப்பான பக்கம் போனால், டிஸ்ப்ளே செட்டிங்கில் 1, 2 என்று எண் போட்ட கட்டங்களை இழுத்து, மேசையில் மானிட்டர் இருக்கும் வரிசைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சேவைக் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எதிரில் திருப்பி வைத்த திரையில், வரிசையில் நிற்கும் அடுத்தவரும் பார்ப்பார். முந்தைய ஆளின் ஆதார் எண்ணும் போன் நம்பரும் அதில் தெரியக் கூடாது. ஒருவரின் வேலை முடிந்ததும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

கடைக்குக் கிளம்பும் முன், சிபியுவின் பின்பக்கத்தையும் மானிட்டரின் பின்பக்கத்தையும் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "எச்டிஎம்ஐ மாதிரி இருக்கும், ஆனா ஒரு மூலை மட்டும் வெட்டின மாதிரி" என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அந்த ஒரு மூலை வெட்டினதுதான் டிஸ்ப்ளே போர்ட்.